அழுகிற பிள்ளையோடு கோவிலுக்கு வரலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கத்தோலிக்கக் கோவில்களில் ஞாயிறு திருப்பலி (பூசை) நேரத்தில் சின்னப் பிள்ளைகள் போடும் சத்தத்தைப் பற்றி உங்கள் நாளிதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். விவரம் தெரியும் வயது வரை பிள்ளைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்பது அவர் யோசனை. படித்ததும் கோபம் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், பத்து வருடத்துக்கு முன்னால் அந்தக் கடிதத்தை நானே எழுதியிருப்பேன்.

அப்போது நான் பாடகர் குழுவில் இருந்தேன். பீடத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு இடம். அங்கிருந்து பார்த்தால் கோவில் முழுக்கத் தெரியும். எந்தக் குழந்தை சிணுங்குகிறது, எந்தப் பையன் பெஞ்சுக்கு அடியில் புகுந்து ஊர்கிறான், எல்லாம் கண்ணில் படும். ஒரு ஞாயிறு பதிலுரைப் பாடலுக்கு நடுவே ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. நான் பாட்டை நிறுத்தாமலே அந்தத் தாயை ஒரு முறை முறைத்தேன். எழுந்து வெளியே போனவர் திருப்பலி முடியும் வரை உள்ளே வரவில்லை. அடுத்த சில வாரங்களும் அவரைக் காணவில்லை. வேறு காரணம்கூட இருந்திருக்கலாம். ஆனால் என் மகனைத் தூக்கிக்கொண்டு நான் முதல் தடவை வெளியே ஓடிய நாளில் எனக்கு ஞாபகம் வந்தது அந்த முகம்தான்.

இப்போது மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. மகன் முதல் வாசகம் வரை தாங்குவான், குருவானவரின் பிரசங்கம், அதாவது மறையுரை, தொடங்கியதும் அவனுக்குத் தாகம் எடுக்கும், கால் வலிக்கும், செருப்பு கழன்றுவிடும், எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்வதாக நினைத்துக்கொண்டு கடைசி வரிசை வரை கேட்கும் குரலில் "முடிஞ்சுதா?" என்பான். (பெரியவர்கள் சிலரும் அதே கேள்வியோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.)

அந்த வாசகருக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். ஏழு வயது நிறையாத பிள்ளைக்கு ஞாயிறுதோறும் திருப்பலிக்கு வர வேண்டும் என்ற கடமையே கிடையாது. திருச்சபைச் சட்டம் அந்த வயதுக்கு மேல்தான் கட்டுப்படுத்துகிறது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாய்க்கும்கூட அந்தக் காரணத்துக்காகக் கடமையிலிருந்து விலக்கு உண்டு என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே, 2181-ஆம் எண்ணில், சொல்கிறது. ஆக, இரவெல்லாம் தூங்காமல், காலையில் இரண்டு பிள்ளைகளைக் குளிப்பாட்டி உடுத்திக் கூட்டிக்கொண்டு வருகிற தாயை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வராமல் இருந்தால் பாவமும் இல்லை. அப்படியும் வருகிறாள். அவளைத்தான் நாம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறோம்.

"அவர்களுக்குப் புரியாதே" என்கிறார் அந்த வாசகர். இது பழைய வாதம். 1910 வரை பல இடங்களில் புதுநன்மை, அதாவது திருப்பலியில் தரும் நற்கருணை அப்பத்தை முதல் தடவை, வாங்கவே பத்து, பன்னிரண்டு வயது, சில இடங்களில் பதினான்குகூட ஆக வேண்டியிருந்தது. காரணமாகச் சொன்னதும் இதேதான், சின்னப் பிள்ளைகளுக்குப் புரியாது என்று. அந்த ஆண்டு திருத்தந்தை பத்தாம் பயஸ்தான் அதை மாற்றினார். சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வேறுபாடு தெரிந்தால் போதும், ஏழு வயதுவாக்கில் கொடுக்கலாம் என்றார். பெரியவர்களுக்கு மட்டும் எல்லாம் புரிந்துவிட்டதா என்ன? என் கதையைக் கேளுங்கள்.

சில மாதங்களுக்கு முன், "உலகின் பாவங்களைப் போக்கும்" என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் மகள் என் கையை இழுத்து, "அம்மா, பாதர் ஏன் அந்தப் பெரிய அப்பத்தை உடைச்சார்? கிண்ணத்துக்குள்ள என்னவோ போட்டாரே, என்ன அது?" என்று கேட்டாள். சும்மா இரு என்று சொல்லிவிட்டேன். ஏனென்றால் எனக்கும் தெரியாது. முப்பது வருடத்துக்கு மேல் பூசை கண்டவள், அதில் பல வருடம் சரியாக அந்த இடத்தில் வாய் திறந்து பாடியவள், குருவானவர் கை என்ன செய்கிறது என்று ஒரு நாளும் கவனித்ததில்லை. பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்!

வெட்கப்பட்டுப் போய்த் தேடிப் படித்தேன். தொடக்கத் திருச்சபையில் வழிபாட்டுக்குப் பெயரே அப்பம் பிடுதல்தான், விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூலில் இருக்கிறது. எம்மாவுக்குப் போன சீடர்கள் வழியெல்லாம் கூடவே நடந்து வந்த இயேசுவை அடையாளம் கண்டதும் அவர் அப்பத்தைப் பிட்டபோதுதான். அப்பம் ஒன்று, அதில் பங்குகொள்கிற நாம் பலராக இருந்தாலும் ஒரே உடல் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை, அதற்கு முன் எத்தனையோ தடவை காதால் கேட்டிருக்கிறேன், இந்த உடைத்தலோடு சேர்த்து நினைத்ததில்லை. உடைத்ததில் ஒரு சிறு துண்டை இரசக் கிண்ணத்தில் இடுவது ஆண்டவரின் உடலும் இரத்தமும் ஒன்றாயிருப்பதைக் காட்டுகிறது. மகளுக்கு என்னால் முடிந்தவரை சொன்னேன். இப்போது அந்த நேரம் வந்தால் எட்டி எட்டிப் பார்க்கிறாள், நானும் பார்க்கிறேன். அவளை வீட்டில் விட்டு வந்திருந்தால் நான் இன்னும் புத்தகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கும்போது, பசித்து அழுதால் தயங்காமல் பால் கொடுங்கள் என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தாய்மாரிடம் சொன்னதுண்டு. அந்த இடத்திலேயே ஆகும் என்றால் மற்றக் கோவில்களில் ஏன் ஆகாது?

அதற்காக எல்லாப் பெற்றோருக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. மறையுரை நேரத்தில் பிள்ளை கையில் செல்போனைக் கொடுத்துக் கார்ட்டூன் ஓடவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல்தான். குருவானவர் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது பிள்ளை நடுவழியில் ஓடிப் பிடித்து விளையாட, தகப்பன் தன் பாட்டுக்குக் கைகட்டி நிற்பது பக்தியாகாது. காது மந்தமான பெரியவர்களுக்கு ஒரு குழந்தையின் அழுகை போதும், மறையுரையில் ஒரு வார்த்தை கேட்காது. அவர்களும் ஆண்டவருடைய வார்த்தையைக் கேட்கத்தானே வருகிறார்கள்?

கண்ணாடி அறை ஒன்று கட்டிப் பிள்ளைக்காரர்களை அதில் உட்கார வைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி ஓர் அறையில் ஒரு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். பீடம் எங்கேயோ தெரியும், ஒலிபெருக்கியில் குரல் வரும், உள்ளே ஒரே பேச்சும் பொம்மையும். டிவி பார்ப்பது மாதிரிதான் இருந்தது. பால் கொடுக்க, உடை மாற்ற அந்த அறை வேண்டும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முழுப் பூசைக்கும் அங்கேயே இருங்கள் என்றால், வெளியே போ என்பதை மரியாதையாகச் சொல்வதுதான் அது. பிள்ளைகளோடு நிறைவேற்றும் திருப்பலி பற்றி வத்திக்கான் 1973-இல் கொடுத்த வழிகாட்டியிலும், பங்கெடுக்க முடியாத சின்னக் குழந்தைகளைத் தனி இடத்தில் பார்த்துக்கொள்ள இடம் உண்டு, அந்த வாசகர் வசதிக்காக நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் முடிவில் அவர்களை உள்ளே கூட்டி வந்து மற்றவர்களோடு சேர்த்து ஆசீர்வதிக்கலாம் என்றும் அதே இடத்தில் இருக்கிறது. இதை அவர் மறக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று, முன் பெஞ்ச். பின்னால் உட்கார்ந்தால் பிள்ளைக்குத் தெரிவது பெரியவர்களின் முதுகு மட்டும். முதுகை ஒரு மணி நேரம் யார் பார்ப்பார்கள்? முன்னால் வந்த பிறகு மகன் மெழுகுதிரிகளை எண்ணுகிறான், மணி அடித்தால் நிமிர்ந்து பார்க்கிறான், தப்பான இடத்தில் சத்தமாக ஆமென் சொல்கிறான். அழவும் செய்கிறான். அழுதால் தூக்கிக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியே போவேன், தண்ணீர் கொடுத்து, ஓய்ந்ததும் திரும்ப அதே பெஞ்சுக்கு வந்து உட்காருவேன். ஒரே பூசையில் மூன்று தடவை போய் வந்த நாளும் உண்டு. அந்த வாசகர் எங்கள் பின்னால் உட்கார நேர்ந்தால், நான்காவது தடவையும் நான் திரும்பி வருவதைப் பார்ப்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி