நிலம் எவ்வளவு குலுங்கியது?

ஆசிரியருக்கு வணக்கம்.

நிலநடுக்கச் செய்திகளில் ரிக்டர் எண் தவறாமல் வருகிறது. அது நிலநடுக்கத்தின் மொத்த அளவு. ஒரு நிலநடுக்கத்துக்கு ஒன்றுதான். ஓரிடத்தில் நிலம் குலுங்கும் அளவான நில அதிர்வோ ஊருக்கு ஊர் மாறும். கட்டடங்களுக்குத் தேவைப்படுவது இந்த இரண்டாவது கணக்கு.

வலுவான நில அதிர்வைக் கருவி முதன்முதலாகப் பதிவுசெய்தது 1933இல், கலிபோர்னியாவின் லாங் பீச் நிலநடுக்கத்தில். அதற்கு முந்தியவற்றுக்குச் சேதத் தடயங்களும் பழைய செய்தித்தாள்களுமே சாட்சி.

தரையில் தனித்து நின்ற கல்தூண் கவிழ்ந்திருந்தால், அகலத்தை உயரத்தால் வகுப்போம். அகலம் 30 செ.மீ., உயரம் 120 செ.மீ. என்றால் 0.25. அதாவது, நிலம் குலுங்கும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் கால் பங்காவது இருந்தால்தான் தூணின் அடி ஒரு பக்கம் தூக்கும். இது கீழ்வரம்பு மட்டுமே. கணநேர உதறலாக இருந்தால், அதைவிட வலுவான அதிர்விலும் தூண் ஆடிவிட்டு நிலைக்குத் திரும்பிவிடும். அகல உயர விகிதம் ஒன்றாகவே இருந்தாலும், சிறிய தூணைவிடப் பெரிய தூண் கவிழ்வது கடினம். அடியைச் சாந்து பிடித்திருந்தால் இந்தக் கணக்கே பொருந்தாது.

பழைய செய்திகளிலிருந்து, ஓர் ஊரில் அதிர்வு எவ்வளவு கடுமையாக இருந்தது என்ற தீவிரத்தை 12 படிகளில் மதிப்பிடுகிறோம். ஒரு படி கூடினால் நில முடுக்கம் ஏறத்தாழ இருமடங்கு. பிழை பெரும்பாலும் இங்கேதான் நுழைகிறது. 'ஊரே தரைமட்டம்' என்று எழுதியிருக்கும். விழுந்தவை மண்சுவர் வீடுகளா, காரை வைத்துக் கட்டிய செங்கல் வீடுகளா என்பது இருக்காது. மண்சுவர் குறைந்த அதிர்விலேயே சரியும். நின்ற வீடுகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால், மதிப்பீடு ஒரு படியோ இரண்டு படியோ மேலே போய்விடுகிறது.

அடுத்தது மண். 1985 செப்டம்பர் 19 நிலநடுக்கத்தின் மையம் மெக்சிகோ நகரிலிருந்து 350 கி.மீ.க்கும் அப்பால். நகரின் கெட்டி நிலத்தில் பதிவான உச்ச முடுக்கம் புவியீர்ப்பில் சுமார் 4 சதவீதம். பழைய ஏரிப்படுகைக் களிமண்ணில் 17 சதவீதம். அந்தக் களிமண் சுமார் 2 நொடிக்கு ஒரு முறை ஊசலாடியதால், அதே தாளத்துக்கு நெருங்கி அசைந்த பல மாடிக் கட்டடங்கள் அதிகம் நொறுங்கின. களிமண்ணில் கண்ட சேதத்தை வைத்துப் பாறை நிலத்துக்கு அதிர்வு கணித்தால் விடை பல மடங்கு பிசகும்.

இன்றும் கருவி இல்லாத ஊர்கள் ஏராளம். அங்கே நாளைய கணக்குக்கு உங்கள் செய்திதான் ஆதாரம். எனவே சுவர் எதனால் ஆனது, நிலம் களியா பாறையா, அந்தத் தெருவில் எத்தனை வீடுகளில் எத்தனை விழுந்தன என்ற மூன்றையும் நிருபர்கள் குறித்து அனுப்பச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
நில அதிர்வுப் பொறியாளர்கள் சிலர்