உன் மச்சான் சொன்ன இருபது லட்சம்

கோவை
சனிக்கிழமை இரவு

அன்புள்ள பாலு,

உன் கடிதம் கிடைத்தது. கயல் கேட்ட கல்லூரியிலேயே அவளுக்கு இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். சாந்தி உடனே உனக்கு போன் போடச் சொன்னாள். நான்தான் எழுதிக்கொள்கிறேன் என்று நிறுத்திவைத்தேன். அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறார், அதனால் வீட்டில் அரசியல் சண்டையும் கூடிவிட்டது.

சரி, கயலுக்கு எந்த போன் வாங்குவது என்ற உன் வீட்டுச் சண்டைக்கு வருகிறேன். "ஆண்ட்ராய்டில் இருபது லட்சம் ஆப் இருக்கு, ஐபோனில் அவ்வளவு கிடையாது" என்கிறார் உன் மச்சான். "இருக்கிறது எல்லாம் தரமானதா என்று பாருங்க மாமா" என்கிறாள் கயல். செயலிகளைச் சோதித்துப் பார்த்தே இத்தனை வருடம் பிழைப்பு நடத்துகிறவன் என்று நீ என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டிருக்கிறாய். என்னைக் கேட்டால், இருவர் கையில் இருக்கும் அளவுகோலும் போன் விற்கிறவனுக்குத்தான் உதவும், வாங்குகிற உனக்கு உதவாது.

முதலில் மச்சானின் எண். கூகுள் பிளே ஸ்டோரில் 2024 தொடக்கத்தில் ஏறக்குறைய 34 லட்சம் செயலிகள் இருந்தன. ஒரே ஒரு படத்தைக் காட்டுவது, ஒரு பிடிஎஃப்பைத் திறப்பது, இதைத் தவிர வேறெதற்கும் உதவாதவற்றை அகற்றப்போவதாக அந்த வருடமே கூகுள் அறிவித்தது. 2025 ஏப்ரலில் ஆப்ஃபிகர்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் எண்ணிப் பார்த்தபோது மிஞ்சியது 18 லட்சம். போன 16 லட்சத்தில் ஒன்றையாவது காணோமே என்று உன் வீட்டில் யாராவது தேடினீர்களா? ஆப்பிளின் கடையிலும் இப்போது கிட்டத்தட்ட இருபது லட்சம் இருக்கிறது. ஆக அந்தப் பந்தயமே முடிந்துபோன ஒன்று.

ஆப்பிள் தன் கடையை 2008 ஜூலையில் திறந்தபோது அதில் இருந்தவை 500. அதற்கப்புறம் மேடைக்கு மேடை எண்ணிக்கையைச் சொல்வதே வழக்கமாகிவிட்டது. 2010 செப்டம்பரில் அவர்களே அலுத்துப்போய், செயலி செய்கிறவர்களுக்கான விதிமுறையில் எழுதினார்கள்: எங்களிடம் இரண்டரை லட்சத்துக்கு மேல் இருக்கிறது, இனிமேல் குசுச் சத்தம் போடும் ஆப் வேண்டாம். நான் மெருகேற்றிச் சொல்லவில்லை, ஏறக்குறைய இதே வார்த்தைகள்தான். அலுவலகச் சுவரில் அச்சடித்து ஒட்டிவைத்திருந்தோம்.

எண்ணிக்கையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு பிளாக்பெர்ரியைப் பார். 2013 ஜனவரியில் பிளாக்பெர்ரி 10 வரப்போகிறது, கடையை நிரப்பியாக வேண்டும். வேறு போனுக்குச் செய்ததை எங்களுக்கு மாற்றிக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 100 டாலர் என்றார்கள். 37 மணி 30 நிமிடத்தில் 15,000 செயலிகள் வந்து குவிந்தன. 70,000 செயலிகளோடு போன் வெளியானது. அந்த ஆண்டு ஆகஸ்டில் கணக்கு 1,20,000 ஆனபோதுதான் ஒரு விஷயம் வெளியே தெரிந்தது: அதில் 47,000 ஒரே ஒரு நிறுவனம் போட்டவை. ஆனால் இன்ஸ்டாகிராமும் நெட்ஃபிளிக்ஸும் அந்த போனுக்கென்று கடைசிவரை ஒரு செயலி செய்யவே இல்லை. பணம் கொடுத்து 15,000 செயலிகளை வரவழைக்க முடிந்தவர்களால் அந்த இரண்டை வரவழைக்க முடியவில்லை.

உன் பழைய விண்டோஸ் போனை, அந்த லூமியாவை நினைத்துப் பார். எத்தனை நல்ல கைபேசி அது! கேமராவும் சரி, எழுத்துகள் வரும் அழகும் சரி, இன்றுவரை எனக்குப் பிடிக்கும். ரயில் டிக்கெட்டுக்கான ஐஆர்சிடிசி செயலிகூட ஆண்ட்ராய்டுக்கு வருவதற்கு முன்பே 2013இல் விண்டோஸ் போனுக்கு வந்துவிட்டது. நீ அதைச் சொல்லி என்னை வெறுப்பேற்றியது ஞாபகம் இருக்கிறது. ஆனால் யூடியூப்? கூகுள் செய்யவில்லை. மைக்ரோசாஃப்டே 2013 மே மாதம் ஒன்றைச் செய்து வெளியிட்டது, நிறுத்து என்று கூகுள் கடிதம் அனுப்பியது. ஆகஸ்டில் திருத்தி மறுபடியும் வெளியிட்டார்கள், அதையும் முடக்கினார்கள். இன்ஸ்டாகிராம் அந்த வருடம் நவம்பரில்தான் வந்தது, அதுவும் சோதனைப் பதிப்பாக.

கயலின் கட்சிக்கு இடிக்கிற இடமும் இங்கேதான். அந்த நாளில் ரூடி ஹுயின் என்ற பிரெஞ்சுக்காரர் தனியாளாக உட்கார்ந்து இன்ஸ்டாகிராமுக்கு 6டேக், ஸ்னாப்சாட்டுக்கு 6ஸ்னாப் என்று விண்டோஸ் போனுக்குச் செய்துகொண்டிருந்தார். வேலை சுத்தம். தரம் என்றால் அதுதான் தரம். 2014 டிசம்பரில் ஸ்னாப்சாட் நிறுவனம் வெளியார் செய்த செயலிகளைத் தடுத்தபோது 6ஸ்னாப் கடையிலிருந்தே காணாமல் போனது. நிறுவனமோ தன் சொந்தச் செயலியை அந்த போனுக்குக் கடைசிவரை கொடுக்கவில்லை. இன்னொருவன் வீட்டுக் கிணற்றை நம்பித் தோட்டம் போட்டால், எவ்வளவு நன்றாகப் போட்டிருந்தாலும் கதி அதுதான்.

அதனால் நான் பார்ப்பது வேறு. உனக்கு அன்றாடம் வேண்டிய பத்துப் பதினைந்து செயலிகள் இருக்கின்றனவா, அவற்றின் சொந்தக்காரர்களே உன் போனுக்கும் செய்கிறார்களா, விடாமல் புதுப்பிக்கிறார்களா? இவ்வளவுதான். விண்டோஸ் போனில் வாட்ஸ்அப் 2019 டிசம்பர் 31ஆம் தேதியோடு நின்றது. கடையில் மிச்சம் எத்தனை இருந்தால் என்ன?

இதற்கு நேர் எதிரான கதையும் நம் நாட்டிலேயே நடந்தது. 2014இல் ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் என்ற இயங்குதளம் போட்ட இன்டெக்ஸ் போன் 1,999 ரூபாய்க்கு வந்தது. வாட்ஸ்அப் நிறுவனம் அதற்கு வரவில்லை, போனும் நிற்கவில்லை. அதே ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ்ஸின் வழியில் வந்த கைஓஎஸ்தான் 2017இல் அறிவிக்கப்பட்ட ஜியோபோனில் ஓடியது. அதன் கடையில் இருந்தவை சொற்பம். 2018 செப்டம்பரில் வாட்ஸ்அப் வந்தது, அப்புறம் எங்கள் தெருவில் பூக்காரம்மாவிலிருந்து வாட்ச்மேன்வரை அந்தச் சின்னத் திரையில் குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். விலையும் 4ஜியும் முக்கியக் காரணங்கள், மறுக்கவில்லை. ஆனால் "இதில் எத்தனை ஆப்?" என்று அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை.

ஆனாலும் உன் மச்சானை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். எண்ணிக்கை ஒரு இடத்தில் பேசும். வாட்ஸ்அப் எல்லோருக்கும் வேண்டியது, எங்கேயும் வந்துவிடும். உனக்கும் உன் ஊர்க்காரருக்கும் மட்டும் வேண்டிய செயலி இருக்கிறதே, அதுதான் சிக்கல்: கூட்டுறவு வங்கி, சீட்டுக் கம்பெனி, விடுதியின் மெஸ் கணக்கு, கல்லூரி வருகைப்பதிவு. இதையெல்லாம் செய்வது இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் சின்ன அலுவலகம். கூகுளிடம் பதிவு செய்ய ஒரு தடவை 25 டாலர் கட்டினால் போதும். ஆப்பிளிடம் வருடா வருடம் 99 டாலர். நம் ஊரில் பெரும்பாலானோர் கையில் இருப்பதோ ஆண்ட்ராய்டு. அவர்கள் எதை முதலில் செய்வார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஐபோனுக்கு "விரைவில்" என்று போட்டிருப்பார்கள், அந்த விரைவு வராது.

பெரிய ஊர் நிறுவனங்களுக்கு இது தலைகீழ். இன்ஸ்டாகிராம் 2010 அக்டோபரில் ஐபோனுக்கு வந்தது. ஆண்ட்ராய்டுக்கு 2012 ஏப்ரலில். குரலில் அரட்டை அடிக்கும் கிளப்ஹவுஸ் 2020இல் ஐபோனுக்கு மட்டும், 2021 மே மாதம்தான் ஆண்ட்ராய்டுக்கு. அமெரிக்காவில் காசு செலவழிப்பவர்கள் ஐபோன்காரர்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்றை நான் தினமும் அனுபவிக்கிறேன். ஐபோன் என்றால் மேசையில் ஏழெட்டு மாடல் வைத்துச் சோதித்தால் தைரியமாக வெளியிடலாம். ஆண்ட்ராய்டில் எத்தனை கம்பெனி, எத்தனை திரை, எத்தனை பதிப்பு! மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலி ஒன்று எங்களிடம் சோதனைக்கு வந்தது. ஐபோனில் மணி அடித்தாற்போல அடித்தது. சில ஆண்ட்ராய்டு போன்களில் அடிக்கவே இல்லை. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போனே பின்னணியில் ஓடும் செயலிகளைக் கொன்றுவிடுகிறது. செய்தவன் ஒரே ஆள், எழுதிய தர்க்கம் ஒன்றே, ஆனால் சர்க்கரை நோயாளியின் கைக்குப் போகும்போது இரண்டு வேறு செயலி. "ஆப் தரம்" என்று கயல் சொல்வதில் பாதி, போனின் தரம்.

தமிழ் படிக்க நாம் பட்ட பாட்டையும் இதில் சேர். ஆண்ட்ராய்டின் ஆரம்பப் பதிப்புகளில் கடையில் லட்சக்கணக்கில் செயலிகள் இருந்த காலத்திலும் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஓபரா மினியின் அமைப்புக்குள் போய், எழுத்தைப் படமாகக் காட்டு என்று மாற்றி வைத்துத்தானே வலைப்பூக்களைப் படித்தோம்? அந்தக் குறையை எந்தச் செயலியாலும் முழுசாகத் தீர்க்க முடியவில்லை, அடியில் இருக்கும் மென்பொருளே மாற வேண்டியிருந்தது.

தரம் பற்றி ஒரே ஒரு விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். கடன் செயலிகள். 2021இல் ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழு, நம் நாட்டு ஆண்ட்ராய்டுக்காரர்களுக்குக் கிடைத்த சுமார் 1,100 கடன் செயலிகளைப் பார்த்து, அவற்றில் 600 சட்டவிரோதமானவை என்று சொன்னது. ஆண்ட்ராய்டுக்குக் கடைகள் பல, அதனால் ஓட்டைகளும் பல. விடுதிக்குப் போகிற பிள்ளைக்கு மாதக் கடைசியில் கை கடிக்கும். அப்போது இரண்டாயிரம் ரூபாய்க்கு உன்னிடம் கேட்கலாம் என்று இப்போதே சொல்லி வை. தொடர்பு எண்களையும் படங்களையும் திறந்து காட்டச் சொல்லும் கடன் செயலியை எந்த போனிலும் போடக்கூடாது.

இனி தீர்ப்பு. கயலுக்கு நடுத்தர விலையில் ஒரு ஆண்ட்ராய்டு வாங்கு. எத்தனை வருடத்துக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவோம் என்று கம்பெனி எழுத்தில் சொல்லியிருக்கிறதா என்று பார். நான்கு வருடப் படிப்புக்கு அது தாங்க வேண்டும். ஐபோனை வேண்டாம் என்று நான் சொல்வது அதன் விலைக்காக மட்டும்தான். தவணையில் வாங்கி முதல் மாதமே திரையை உடைத்த பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய். அவள் தினமும் திறக்கும் செயலிகள், கல்லூரி கட்டாயம் என்று சொல்லியிருப்பவை, உங்கள் வங்கியின் பெயர், மூன்றையும் ஒரு தாளில் எழுதி எனக்குப் படம் எடுத்து அனுப்பச் சொல். ஒவ்வொன்றும் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று பார்த்துச் சொல்கிறேன். மச்சானுக்கும் ஒரு பிரதி கொடு, அவர் பங்குக்கு எண்ணிக்கொள்ளட்டும்.

அடுத்த மாதம் சேலத்தில் நம் செட்டுக்காரர்கள் கூடுவதாக மணி சொன்னான். நீ வருகிறாயா? வந்தால் சனிக்கிழமையே கோவைக்கு வந்துவிடு, என் காரில் சேர்ந்து போகலாம். உன் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது என்று எழுதாமல் நழுவிவிட்டாய், அதையும் எழுது.

அன்புடன்,
சங்கர்