பெயர் சொல்லாமல் போன தம்பிக்கு

தம்பி, இதைக் கண்ணாலேயே எழுதுகிறேன். மோட்டார் நியூரான் நோய் முதலில் கையை முடக்கியது, அப்புறம் பேச்சை. கண் தசைகளை மட்டும் அது பெரும்பாலும் கடைசிவரை விட்டுவைக்கும் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் மூச்சே வந்தது.

கோத்தகிரி மழையில் நனைந்து வந்து, கண் அசைவைப் படிக்கும் கருவியைத் திரைக்குக் கீழே பொருத்தினீர்கள். மழை விட்டு வெயில் வந்ததும் அம்புக்குறி தாவித் தாவி ஓடியது. கருவி கண்ணைப் பார்ப்பது அகச்சிவப்புக் கதிரால், வெயிலிலும் அது உண்டு, அதனால் கருவி குழம்பும் என்று சொல்லி, எங்கள் பழைய கம்பளியை ஜன்னலில் ஆணி அடித்துத் தொங்கவிட்டீர்கள். அம்பு அடங்கியது. தமிழ்99 விசைப்பலகையையும் வைத்துக் கொடுத்தீர்கள். உயிர், மெய், ஆய்தம் என 31 எழுத்துகள் போதும், 247ஐயும் தேட வேண்டாம்.

நான் முதலில் எழுதியது, "குல்லாவைக் காது மூட இழுத்துவிடு." கம்ப்யூட்டர் அதை உரக்கப் படித்தது. எட்டு மாதமாக என் காது குளிர்ந்துகொண்டிருந்தது மனைவிக்கு எப்படித் தெரியும்? அழுதுகொண்டே இழுத்துவிட்டாள்.

நீங்களோ டீ கூடக் குடிக்காமல் மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்கு ஓடிவிட்டீர்கள். பெயர் கேட்கும் வேகம் அன்று என் கண்ணுக்கு வரவில்லை. ரொம்ப நன்றி, தம்பி. அடுத்த முறை டீ குடிக்காமல் விடமாட்டோம்.