ஆளை மாற்றினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி பக்கத்தில் எங்கள் ஊர். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வீடு தெருவுக்குத் தெரு நீண்டு கிடக்கிறது, இருப்பது எங்கள் அப்பத்தா மட்டும்தான். வயது 84, பக்கவாதம் வந்ததில் இடது கை, கால் வராது. அப்பச்சி (அப்பா) சென்னையில், சித்தப்பா சிங்கப்பூரில், அதனால் ஒரு ஏஜென்சி மூலம் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்தோம். தினமும் வீடியோ காலில் பேசுவோம், அப்பத்தாவும் "நல்லாருக்கேன்ப்பா" என்று சொல்லும். போனைப் பிடித்துக்கொண்டு நிற்பதே அந்தப் பெண்தான் என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை.

முன்னோருக்குக் கும்பிடுகிற படைப்புக்காக நான் சொல்லாமல் இரண்டு நாள் முன்னதாகவே போய்விட்டேன். தண்ணீர்ச் செம்பு கைக்கு எட்டாமல் ஜன்னல் மேல் இருந்தது. அடிக்கடி துணி மாற்ற வேண்டி வருமே என்று அந்தப் பெண் தண்ணீரையே குறைத்திருக்கிறார். உதடெல்லாம் வெடிப்பு. மேல்கையில் நாலு விரல் அப்படியே கன்றிப்போய்க் கிடந்தது. கேட்டதற்கு அப்பத்தா மெதுவாகச் சொன்னது இதுதான்: "அவள ஒண்ணும் சொல்லிராதப்பா, அவ போயிட்டா என்னைய யாரு தூக்கி உக்கார வப்பா?"

ஏஜென்சிக்குப் போன் செய்தேன். "வேற ஆள் அனுப்புறோம் சார்" என்றார்கள். சரி என்று விட்டுவிட்டோம். ஊரில் தெரிந்தால் பெத்தவளைப் பார்க்காமல் விட்டுவிட்டார்கள் என்று பேசுவார்களே என்ற பயம்தான் காரணம். இரண்டு மாதம் கழித்துத் தெரிகிறது, அதே பெண் தேவகோட்டையில் படுத்த படுக்கையாக இருக்கிற ஒரு ஐயாவைப் பார்த்துக்கொள்கிறார். நாங்கள் வாயை மூடிக்கொண்டதால்தான் அவர் அங்கே போனார்.

அதனால் இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். காயத்தைப் பார்த்தால் உடனே போட்டோ எடுங்கள், அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்யுங்கள், பெரியவர்களை அதே ஆளோடு ஒரு ராத்திரிகூட விடாதீர்கள். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அடிப்பது மட்டும்தான் குற்றம் என்றில்லை. சம்பளம் பேசி வந்தவர் நடமாட முடியாதவரை வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டாலும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 357வது பிரிவில் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5000 ரூபாய் வரை அபராதம் உண்டு. எங்கே போவது என்று தெரியாதவர்கள் முதியோர் உதவி எண் 14567க்குப் பேசலாம், கட்டணம் கிடையாது.

பார்த்துக்கொள்ள வருகிற எல்லோரும் இப்படி இல்லை. இப்போது வந்திருக்கிற அக்கா அப்பத்தாவுக்குத் தலைவாரிப் பூ வைக்கிறார். ஆனால் 24 மணி நேரமும் ஓய்வில்லாமல் ஒரே ஆளை வேலை வாங்குவதும் தப்பு. அதை வீட்டுக்காரர்களும் ஏஜென்சியும்தான் சரிசெய்ய வேண்டும்.

ஆளை அனுப்புகிற ஏஜென்சிகளை மாவட்ட நிர்வாகம் பதிவு செய்ய வைத்து, யார்மேல் புகார் வந்தது என்ற விவரத்தை வைத்திருக்க வேண்டும். தேவகோட்டை வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டோம். நான் எடுத்த போட்டோக்களோடு தாமதமாகத்தான் என்றாலும் புகாரும் கொடுத்திருக்கிறோம்.

ஒரு பேரன்,
காரைக்குடி