ஆத்தூர் மரவள்ளியும் ஆஷாடி ஏகாதசியும்

புனே,
3.8.2026

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்தது. சின்னவனுக்கு வேலை கிடைத்ததில் எனக்கும் நிம்மதி.

போன வருஷம் அக்டோபர் 20-ல் வந்த தீபாவளி இந்த வருஷம் ஏன் நவம்பர் 8-க்குப் போச்சு என்று கேட்டிருந்தாய். எல்லாம் அதிக மாசம் செய்கிற வேலை. சந்திர வருஷம் சூரிய வருஷத்தைவிட 11 நாள் குறைச்சல். அந்தக் குறை சேர்ந்து சேர்ந்து, சுமார் மூணு வருஷத்துக்கு ஒருதரம் ஒரு மாசத்தைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டிவரும். இந்தத் தடவை சூரியன் ரிஷபத்தை விட்டு நகர்வதற்குள்ளேயே இரண்டு அமாவாசை வந்துவிட்டது. அதனால் மே 17 முதல் ஜூன் 15 வரை இங்கே அதிக ஜ்யேஷ்டம், அதாவது ஜ்யேஷ்ட மாசத்துக்கு முன்னால் அதே பெயரில் ஒரு கூடுதல் மாசம்.

அதிக மாசம் வந்தால் இங்கே மாப்பிள்ளைகளுக்கு யோகம்தான். கூப்பிட்டு உட்கார வைத்து 33 அனார்சே கொடுப்பார்கள். நம்ம அதிரசத்துக்குத் தங்கச்சி என்று வைத்துக்கொள். கீழ்வீட்டுக் காகூ (மராத்தியில் சித்தி மாதிரி) சுடும்போது பக்கத்திலேயே நின்றிருந்தேன். மாவை ஒரு பக்கம் மட்டும் கசகசாவில் ஒற்றித் தட்டி, அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி நெய்யில் விடுகிறார். திருப்பிப் போடவே கூடாதாம். கரண்டியால் நெய்யை மேலே வாரி விட்டே வேக வைக்கிறார். என் மாப்பிள்ளைக்குக் கடையில்தான் வாங்கினேன், காகூவிடம் சொல்லிவிடாதே!

ஜூலை 25 ஆஷாடி ஏகாதசி. ஆளந்தியிலிருந்து மகான் ஞானேஸ்வரர் பல்லக்கும் தேஹூவிலிருந்து மகான் துக்காராம் பல்லக்கும் புனே வழியாகத்தான் பண்டரிபுரம் போகின்றன. அன்றைக்கு ஊரே உபவாசம். உபவாசம் என்றால் பட்டினி என்று நினைத்துவிடாதே. 'ஏகாதசி, துப்பட் காஷி' என்று அவர்களே கேலி செய்வார்கள், ஏகாதசியன்று இரண்டு மடங்கு சாப்பாடு என்று. அரிசி, கோதுமை, பருப்பு ஆகாது. ஜவ்வரிசிக் கிச்சடி தாராளமாக ஆகும். ராத்திரியே கழுவி, கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து மூடி வைத்தால் காலையில் ஒவ்வொரு மணியும் விரலில் நசுங்கும். வறுத்த வேர்க்கடலைப் பொடியைப் புரட்டி, நெய்யில் சீரகமும் பச்சை மிளகாயும் தாளித்து, உருளைக்கிழங்கு சேர்த்துக் கிளறவேண்டும். மஞ்சளும் கடுகும் கூடாது.

இதில் உனக்குப் பெருமை ஒன்று இருக்கிறது. அந்த ஜவ்வரிசி உங்கள் சேலம், ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளியிலிருந்து வருவது. வெயிலில் காயப் போட்டிருப்பார்களே, அதுதான் இங்கே விரதச் சாப்பாடு. உங்கள் ஊரில் அதைப் பாயசத்துக்கும் வடகத்துக்கும் மேல் யார் மதிக்கிறார்கள்? ஒன்று யோசித்துப் பார். மரவள்ளி, உருளை, வேர்க்கடலை, மிளகாய் நாலுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. 1296-ல் சமாதியான ஞானேஸ்வரர் இந்தக் கிச்சடியைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க முடியாது. தானியம் இல்லையென்றால் சரி என்று சாஸ்திரம் விட்ட சந்தில் புகுந்துவிட்டது போலிருக்கிறது. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

ஏகாதசியோடு சாதுர்மாசம் தொடங்கும். வெங்காயம், பூண்டு, கத்தரிக்காயை நாலு மாசம் விடுகிறவர்கள் உண்டு. விடுவதற்கு முன்னால் நவமியன்று வெங்காய பஜ்ஜி, வெங்காயத் தாலிபீட் (அடை மாதிரி) என்று ஒரு கை பார்த்துவிடுவார்கள். அதற்குப் பெயரே காந்தே நவமி! கத்தரிக்காய்க்கும் திரும்பி வர ஒரு நாள் உண்டு: மார்கசீர்ஷ மாசத்தில் சம்பா சஷ்டி. ஜேஜுரி ஊர்ச் சாமி கண்டோபாவுக்குக் கத்தரிக்காயைச் சுட்டு மசித்த பரீத்தும் கம்பு ரொட்டியும் படைத்துவிட்டு அதன்பிறகு சாப்பிடுவார்கள்.

இன்றைக்குத் திங்கட்கிழமை. எதிர்வீட்டுப் பீகார்க்காரர்கள் சிராவண சோமவார விரதம் இருக்கிறார்கள். காகூவோ காலையிலேயே பாகர் ரொட்டியும் கடலைமாவுப் பிட்லாவும் சாப்பிட்டாயிற்று. அவருக்கு ஆஷாடமே முடியவில்லை. வடக்கே பௌர்ணமிக்கு மறுநாள் மாசம் பிறக்கும், இங்கே அமாவாசைக்கு மறுநாள். ஒரே மாடியில் இரண்டு மாசம்.

அந்த அமாவாசை 12-ம் தேதி, நம்ம ஆடி அமாவாசையேதான். நீங்கள் தர்ப்பணம் கொடுப்பீர்கள். இங்கே அதற்குத் தீப அமாவாசை என்று பெயர். வீட்டிலுள்ள விளக்கையெல்லாம் இறக்கித் துலக்கி, பலகையில் வரிசையாக வைத்துப் பூஜை செய்வார்கள். என் குத்துவிளக்கையும் காகூ கேட்டு வைத்திருக்கிறார்.

பிள்ளையார் சதுர்த்தி செப்டம்பர் 14. அதற்குள் ரயிலுக்குப் பதிவு செய்துவிடு, கடைசி நேரத்தில் கிடைக்காது. வரும்போது நைலான் ஜவ்வரிசி வேண்டாம், மாவு ஜவ்வரிசியே ரெண்டு கிலோ எடுத்து வா.

உன்
கலா