அப்பாவின் கணக்கில் பிள்ளையின் அரட்டை

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகள் ஏஐ சாட்பாட்டுகளோடு மணிக்கணக்கில் பேசுவதைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, ‘பெற்றோர் கண்காணிக்க வேண்டும்’ என்ற இடத்தில் நின்றுவிட்டது. எப்படி என்று தெரியாமல்தானே பெற்றோர் விழிக்கிறார்கள்?

பிள்ளை யாருடைய கணக்கில் பேசுகிறது என்பதை முதலில் பாருங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் அப்பாவின் போன், அப்பாவின் ஜிமெயில். பிள்ளைகள் அதிகம் பேசும் சாட்பாட்டான சாட்ஜிபிடி அதைப் பெரியவர் கணக்கென்று எடுத்துக்கொண்டால், 18 வயதுக்குட்பட்டோருக்கான கட்டுப்பாடுகள் அங்கே வேலை செய்யா. முன்பு பேசியதை நினைவில் வைத்துக்கொள்ளும் ‘மெமரி’ வசதியும் இயங்கிக்கொண்டிருந்தால் அப்பாவின் அலுவலகக் கடிதமும் மகளின் தோழிச் சண்டையும் ஒரே இடத்தில் சேர்ந்து கிடக்கும். 2025 நவம்பரில் சாட்ஜிபிடியின் கட்டணத் திட்டங்களில் ஒன்றான ‘சாட்ஜிபிடி கோ’வை இந்தியாவில் ஓராண்டுக்கு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். அப்போது அவசரமாகத் தொடங்கிய கணக்கில் யாருடைய பிறந்த தேதி இருக்கிறது என்று திறந்து பாருங்கள்.

13 வயதுக்குக் கீழே இருப்பவர்களை, சாட்ஜிபிடியை நடத்தும் ஓபன்ஏஐ நிறுவனமே அனுமதிப்பதில்லை. 13 நிறைந்த பிள்ளைக்கு, உண்மையான பிறந்த தேதியைக் கொடுத்துத் தனிக் கணக்கு தொடங்குங்கள். பிறகு உங்கள் கணக்கின் செட்டிங்ஸில் ‘பேரன்டல் கன்ட்ரோல்ஸ்’ பகுதிக்குப் போய், பிள்ளையின் மின்னஞ்சலுக்கு அழைப்பு அனுப்ப வேண்டும். பிள்ளை அதை ஏற்றால்தான் இரு கணக்குகளும் இணையும். 2025 செப்டம்பர் இறுதியில் வந்த வசதி இது. இணைந்தபின் இரவு 9.30 முதல் காலை 6 வரை திறக்காதபடி நேரம் குறிக்கலாம். மெமரியையும் குரலில் பேசும் வசதியையும் அணைக்கலாம். உரையாடல்களை நிறுவனம் தன் மாடலைப் பயிற்றுவிக்க எடுத்துக்கொள்வதையும் தடுக்கலாம். எல்லாவற்றையும் செய்ய நேரமில்லை என்றால் இரவுப் பூட்டையும் மெமரியையும் மட்டுமாவது பாருங்கள்.

பிள்ளை என்ன பேசுகிறது என்பதை இதன் வழியே படிக்க முடியாது. கடும் மன நெருக்கடிக்கான அறிகுறி தென்பட்டால் பெற்றோருக்குத் தகவல் வரக்கூடும், அவ்வளவுதான். பிள்ளை நினைத்தால் இணைப்பைத் துண்டிக்கலாம். துண்டித்த செய்தி உங்களுக்கு வரும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. சரியான ஏற்பாடு என்பதே என் கருத்து. பிள்ளையிடம் பேசிச் சம்மதம் வாங்காமல் இதைத் தொடங்கவே முடியாதல்லவா?

செயலியைப் பூட்டினால் போதும் என்று எண்ண வேண்டாம். சாட்ஜிபிடி லாகின் இல்லாமலே பிரவுசரில் திறக்கும். வாட்ஸ்அப்பில் மெட்டா ஏஐ என்ற இன்னொரு சாட்பாட் உட்கார்ந்திருக்கிறது. போனைப் பிடுங்கி வைத்தால் பக்கத்து வீட்டு அண்ணனின் போன் இருக்கிறது. பிள்ளையின் அரட்டையை நீங்கள் திருட்டுத்தனமாகப் படிக்கத் தொடங்கினால், பதிவில் நிற்காத ‘டெம்ப்ரரி சாட்’டை ஒரே நாளில் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

இரவு நேரத்தை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், ஆபத்து உரையாடலின் நீளத்தில் இருக்கிறது. உரையாடல் நீள நீள, ஆபத்தான பதில்களைத் தவிர்க்க சாட்பாட்டுக்குக் கொடுத்த பாதுகாப்புப் பயிற்சி தளர்ந்துபோகக்கூடும் என்று ஓபன்ஏஐ நிறுவனமே 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. கலிஃபோர்னியாவில் சாட்ஜிபிடியோடு பேசிவந்த 16 வயதுச் சிறுவனின் மரணத்துக்காகப் பெற்றோர் அந்நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுத்ததும் அதே மாதத்தில்தான். வாரக்கணக்கில் ஒரே உரையாடலைத் தொடராமல், ஒவ்வொரு விஷயத்துக்கும் புதிய சாட் திறக்கப் பழக்குங்கள். படுக்கையறைக்குள் போன் போகாமலிருந்தால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று, சாட்பாட் ஆமாம் சாமி போடும் கருவி. மனிதர்கள் எந்தப் பதிலை விரும்பினார்கள் என்பதை வைத்தும் பயிற்றுவிக்கப்பட்டதால், கேட்பவர் பக்கம் சாய்வது அதன் குணம். 2025 ஏப்ரலில் இந்த ஒத்து ஊதல் எல்லை மீறிப்போய், ஓபன்ஏஐ தன் அப்டேட் ஒன்றையே திரும்பப் பெற்றது. இதைப் பிள்ளைக்குச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டலாம். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, ‘என் தோழி என்னிடம் சொல்லாமல் மற்றவர்களோடு படத்துக்குப் போய்விட்டாள், நான் கோபப்பட்டது சரிதானே?’ என்று கேளுங்கள். புதிய சாட் திறந்து, அதே சம்பவத்தைத் தோழியாக நின்று கேளுங்கள். பல முறை இருவருக்கும் ஆறுதல் கிடைக்கும், இருவர் பக்கமும் நியாயம் இருக்கும். பத்து நிமிட வேலை. ஒரு மணி நேர அறிவுரையைவிட இது பிள்ளையின் மனதில் நன்றாகப் பதியும்.

வீட்டுப்பாடத்துக்குக் கேட்பதையும், பெயரும் முகமும் வைத்த ஒரு கற்பனைக் காதலனோடு பேசுவதையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. கவலைக்குரியது இரண்டாவது வகை. அமெரிக்காவில், பிள்ளைகளின் ஊடகப் பயன்பாட்டை ஆராயும் காமன் சென்ஸ் மீடியா என்ற அமைப்பு 2025-இல் வெளியிட்ட ஆய்வில், 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 72 சதவீதம் பேர் இத்தகைய துணை சாட்பாட்டுகளை ஒருமுறையாவது பயன்படுத்தியிருந்தார்கள். கற்பனைப் பாத்திரங்களோடு பேசவைக்கும் கேரக்டர்.ஏஐ நிறுவனம் 2025 நவம்பரில் 18 வயதுக்குட்பட்டோருக்குத் தடையற்ற அரட்டையை நிறுத்திவிட்டது. அதே வகைச் செயலிகள் வேறு பெயர்களில் கிடைக்கத்தான் செய்கின்றன. 2026 ஜனவரி முதல் கலிஃபோர்னியாவில், சிறார் என்று தெரிந்தால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ‘நான் மனிதனில்லை, இடைவேளை எடு’ என்று துணை சாட்பாட் நினைவூட்டியாக வேண்டும் என்பது சட்டம். இங்கே அந்த வேலை அம்மா அப்பா தலையில்தான்.

தூக்கம் குறைவது, இருந்த நண்பர்களை விடுவது, நீங்கள் அருகே வந்ததும் திரையைக் கவிழ்ப்பது ஆகிய மூன்றும் சேர்ந்து சில வாரம் நீடித்தால் பேச வேண்டிய நேரம். ‘அதுகிட்ட என்னடா பேசுற?’ என்று தொடங்கினால் ‘ஒண்ணுமில்ல’ என்பதுதான் பதிலாக வரும். ‘அது சொன்னதுல உனக்கு எது சரின்னு பட்டுச்சு?’ என்று கேட்டால் கொஞ்சம் வாய் திறக்கும். சாட்பாட்டிடம் சொன்னதை உங்களிடம் சொல்லும்போது திட்டினால், அடுத்த முறை சாட்பாட்டிடம் மட்டும்தான் சொல்லும்.

சாவதைப் பற்றிய பேச்சு கண்ணில் பட்டால் செட்டிங்ஸ் எல்லாம் பிறகு. பிள்ளையைத் தனியே விடாமல், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் இயங்கும் இலவச உதவி எண், தமிழிலும் பேசலாம். இந்தப் பொருள் பற்றி இனி வெளியிடும் கட்டுரைகளின் அடியில் அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பள்ளி மனநல ஆலோசகர் ஒருவர்,
திருச்சி