அம்மணிக்கு, உன் நியான் மீன்களைப் பற்றி

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள அம்மணிக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நான்கு நியான் டெட்ராக்களும் ஃபில்டருக்குப் பின்னால் ஒடுங்கி நிற்கின்றன. நீலக் கோடும் மங்கித் தெரிகிறது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

இந்த மீனை இரண்டு, நான்கு என்று வைப்பது கூடாது. மேற்கு அமேசானில், காட்டு நிழலில் ஓடும் சிற்றோடைகளில் பெருங்கூட்டமாகத் திரிகிற மீன் இது. பாய்ந்து வரும் பெரிய மீன், எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தடுமாற வேண்டும். கூட்டத்தின் காவல் அதில்தான் இருக்கிறது. அந்தக் காவல் இல்லாத மீன் நாள் முழுவதும் அஞ்சியே கிடக்கும், இரை எடுக்காது, நிறம் வெளுக்கும், நோயும் எளிதில் பற்றும். ஆறு என்பது குறைந்தபட்ச எண்ணிக்கை. உன் 2 அடித் தொட்டியில் 10 அல்லது 12 தாராளமாக வாழும். கடையில் கண்ணைக் கவர்ந்ததையெல்லாம் வகைக்கு இரண்டாக வாங்கி நிரப்பும் பழக்கம் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. தொட்டி நிறைந்திருக்கும், ஆனால் அதில் ஒவ்வொரு மீனும் தனியாகத்தான் இருக்கும்.

அதற்காக இன்றே போய் எட்டு மீன் வாங்கிவிடாதே, கண்ணு. முதலில் தண்ணீரைச் சரிசெய்ய வேண்டும். உன் வீட்டுச் சமையலறைக் குழாயில் வருவது சிறுவாணித் தண்ணீர். மென்மையானது, நியானுக்கு ஏற்றது. குளியலறையில் வருவது போர் தண்ணீர். வாளியில் வெள்ளையாகப் படிகிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய். படத்தில் தொட்டிக் கண்ணாடியின் மேல்விளிம்பு ஓரமாக அதே வெள்ளைக் கோடு தெரிவதால், நீ தொட்டிக்கு ஊற்றியது சப்பைத் தண்ணீர், அதாவது உப்பு மிகுந்த அந்தப் போர் தண்ணீர்தான் என்று நினைக்கிறேன்.

இதில் உப்பைக் காட்டிலும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், அந்த நைட்ரைட்டை வேறொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனைக் கொல்பவை. நைட்ரேட், அளவு மிகாத வரை, கெடுதல் செய்யாது. இந்த பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில் குடியேறிப் பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். உன் தொட்டிக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை. அதோடு, நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7 உள்ள நீரைவிட 8 உள்ள நீரில் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறத்தாழ பத்து மடங்கு கூடுதல். போர் தண்ணீர் பெரும்பாலும் 8-ஐ ஒட்டியே இருக்கும். பார்க்கத் தெளிவாக இருக்கிறதே என்று அந்தத் தண்ணீரை நம்பாதே.

எல்லாத் தண்ணீரையும் ஒரே நாளில் மாற்றினாலும் மீன் தாங்காது. நான்கு நாளுக்கு ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கை இறக்கிவிட்டு, சிறுவாணித் தண்ணீரை ஊற்று. அதை முதல் நாளே வாளியில் பிடித்து ஏர் பம்ப் போட்டு வைத்தால் குளோரின் போய்விடும்; அவசரமென்றால் மீன் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சில சொட்டு போதும். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவாதே, குளோரின் பாக்டீரியாவை அழித்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து வை. இரையை விரல்களுக்கிடையில் பொடியாக நசுக்கிப் போடு, அதன் வாய் அவ்வளவு சிறியது. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போதும்.

வீட்டில் போர் தண்ணீர் மட்டுமே இருந்திருந்தால் நியானே வேண்டாம் என்றிருப்பேன். ஜீப்ரா டேனியோ நம் நாட்டு மீன். கடினமான நீரையும் தாங்கும், கூட்டமாகவும் நீந்தும். வெளிநாட்டு மீன்தான் அழகு என்று பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

கோடையில் கவனமாக இரு. தண்ணீர் 28 டிகிரியைத் தாண்டினால் நியான் சிரமப்படும். வெந்நீரில் ஆக்சிஜனும் குறையும். மூடியைத் திறந்து நீர்ப்பரப்பின் மேல் சிறிய மின்விசிறியை வீசவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு ஈடாக ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்று, நீர் போனாலும் உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் அல்லவா?

காலையில் விளக்கைப் போட்டவுடன் மீன்கள் வெளுத்துத் தெரிந்தால் பயப்படாதே. இருட்டில் அந்த நீலக் கோடு மங்குவது அவற்றின் இயல்பு. சிறிது நேரத்தில் திரும்பிவிடும். பகல் முழுவதும் வெளுத்தே இருந்து, முதுகுச் சதையில் வெள்ளைத் திட்டும் தோன்றி, கூட்டத்தை விட்டு ஒரு மீன் தனியே நின்றால்தான் கவலைப்பட வேண்டும். நியான் நோய் என்றே அதற்குப் பெயர், மருந்து கிடையாது. அந்த மீனை உடனே பிரித்துவிடு. இறந்த மீனை மற்றவை கொத்தவும் விடாதே, அதன் வழியாகத்தான் பரவுகிறது.

நம் வாசல் பாதாம் மரத்திலிருந்து உதிர்ந்து காய்ந்த இலைகளை அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒன்றை அலசித் தொட்டியில் போடு. தண்ணீர் லேசாகப் பழுப்பேறும். அது அழுக்கன்று, அந்த மீன்களின் சொந்த ஓடைகளில் பலவும் அந்த நிறம்தான். தண்ணீரைச் சோதிக்கும்போது அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டு வாரம் தொடர்ந்து பூஜ்யம் என்று காட்டியதும் சொல். மற்ற எட்டு மீன்களை வாங்க நானே வருகிறேன். அவற்றை மூன்று வாரம் தனியே வைத்துப் பார்க்கச் சிறு தொட்டி ஒன்றும் எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
அப்பா